துறையின் நாயும் விசுக்கோத்தும்

முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் பேசுவோர் கொற்கையில் தொடங்கி, 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதைச் சொல்லி, 1961இல் நடந்த கடைசிச் சலாபத்தில் வந்து நிற்பர். அவ்வரலாற்றில் நாய்க்கு இடமில்லை. ஆயினும் துறை உள்ள இடமெல்லாம் நாய் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையைக் காட்டும் பட்டினப்பாலை, குவித்த மூட்டைகளின் மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளுவதையும் சேர்த்தே காட்டுகிறது. துறைமுகத்து நாய்கள் எதைத் தின்றன என்று கேட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. வாசகர் முறுவலிக்கலாம்.

கரையில் விடை எளிது: கருவாடு. நற்றிணையின் 45ஆம் பாடலில் பரதவர் மகள், அறுத்துக் காயவைத்த சுறாத் துண்டுகளுக்குக் காவலிருந்து பறவைகளை ஓட்டுகிறாள். அப்பாடலில் நாய் இல்லை. ஆனால் கருவாடு காயும் மணலில் அரைமணி நேரம் நின்றவர் எவரும் நாயைக் காணாமல் திரும்பியதில்லை. தலை, வால், உடைந்தது, உப்புப் பிடிக்காமல் கெட்டது ஆகியவை அதன் பங்கு. நாய்க்கென்று யாரும் மீன் உலர்த்தவில்லை. மனிதர் தமக்கு உலர்த்தியதில் மிஞ்சியதே அதற்கு வாய்த்தது.

கடல்வழி வந்த உலர்உணவு வேறு. ஐரோப்பியக் கப்பல்களில் மாதக்கணக்கில் கெடாதிருக்க, கோதுமை மாவும் நீரும் சிறிது உப்பும் சேர்த்துக் கல்லைப்போல் சுட்டெடுத்த ரொட்டி இருந்தது. மாலுமிகள் அதை மேசையில் தட்டி, வண்டுகளை உதிர்த்துவிட்டுத் தின்றனர். பிஸ்கட் என்ற சொல்லின் பொருளே இருமுறை சுட்டது என்பதுதான். போர்த்துக்கீசர் வழி வந்த அச்சொல் ஈழத்தமிழில் விசுக்கோத்து என்று இன்றும் வழங்குகிறது. பிற்காலத்து ஆங்கிலச் சொல்லால் நம் கரையில் அது மறைந்துபோனது ஓர் இழப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாய்த்தீனியின் வரலாறும் இந்த விசுக்கோத்திலிருந்துதான் பிறக்கிறது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர், இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் மாலுமிகள் எறிந்த பழைய கப்பல் ரொட்டியை நாய்கள் போட்டியிட்டுத் தின்பதைக் கண்டாராம். அது கதையாகவும் இருக்கலாம். 1860களில் அவர் கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி கலந்த நாய் பிஸ்கட்டை இலண்டனில் விற்றது கதையன்று. அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கிரஃப்ட்தான் 1891இல் தம் பெயரிலேயே புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் தகரத்துக்குப் பஞ்சம் வந்து, டப்பாவில் அடைத்த நாயுணவு அருகியபோது உலர்தீனி முந்தியது. 1957இல் மாவை அழுத்தத்தில் வேகவைத்து, பொரிபோல் உப்பவைத்த இன்றைய குருணை வடிவம் சந்தைக்கு வந்தது.

நம் தெருநாய்க்கு இவற்றுள் எதுவும் எட்டவில்லை. எட்டியது டீக்கடைப் பொறை. கண்ணாடிப் பாட்டிலில் கிடக்கும் அக்காய்ந்த ரொட்டியை மனிதரும் தேநீரில் நனைத்துத் தின்பதுண்டு. எனினும் பொறை என்றாலே நாய் நினைவுக்கு வருமளவுக்கு, அதை நம் திரைப்பட நகைச்சுவைகள் இழிவுபடுத்திவிட்டன. ஸ்ப்ராட் கண்ட காட்சியை எந்த டீக்கடை வாசலிலும் காசில்லாமல் காணலாம்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு ஓர் இடைக்குறிப்பு: உப்புக் கருவாடு நாய்க்கு ஆகாது, மிகுந்த உப்பு அதற்கு நஞ்சாகும். உப்பிடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலியைக் கழுவி, வேகவைத்துச் சோற்றில் பிசைவதே சரி.

இப்போது மிச்சமும் மிச்சமாக இல்லை. விசைப்படகு வலைகளில் வரும் பொடிமீனும், மீன் பதனிடும் கூடங்களின் கழிவும் மீன்தூள் ஆலைகளுக்குப் போகின்றன. கோழித்தீனி, இறால்தீனி, நாய் பூனைத் தீனி எனப் பலவற்றிலும் மீன்தூள் சேர்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் பொட்டலூரணி மக்கள், தம் ஊரருகே இயங்கிய மீன்கழிவு ஆலைகளின் நாற்றம் தாளாமல் அவற்றை மூடக் கோரிப் போராடினர். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தனர். கடையில் வாங்கும் தீனிப்பையின் பின்புறத்தில் மீன்தூள் என்று ஒரு சொல் இருக்கும். அது எந்தக் கரையில் அள்ளி, எந்த ஊரின் காற்றில் அரைத்தது என்று அங்கே எழுதியிருப்பதில்லை.