மிடி–சிவி மாற்றி

கீபோர்டோ கணினியோ மிடி என்ற பொதுமொழியில் எண்களாக அனுப்பும் இசைக் கட்டளைகளை அனலாக் சிந்தசைசருக்குப் புரியும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் கருவி மிடி–சிவி மாற்றி. இசைக் கருவியாளர்கள் சிவி என்று சொல்வது கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை. எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை அது ஒரு கம்பியில் சொல்லும். கட்டை இப்போது அழுத்தப்பட்டிருக்கிறதா என்பதை ‘கேட்’ எனப்படும் இரண்டாவது கம்பி சொல்லும். பெரும்பாலும் கைக்கு அடக்கமான பெட்டி. ஒரு சிறு திரை, சில பொத்தான்கள், பின்பக்கம் துளைகள். செய்யும் வேலை சின்னது என்றுதான் முதலில் தோன்றும். அதன் அமைப்புப் பட்டியலைத் திறந்தவுடன் தலை சுற்றும். அங்குள்ள ஒவ்வொரு தேர்வும் சிந்தசைசர் நிறுவனங்கள் தமக்குள் ஒத்துப்போகாமல் விட்ட ஒரு பழைய விவகாரம். மிடி வந்து அவற்றையெல்லாம் மறக்கச் செய்தது. இந்தப் பெட்டி மட்டும் அத்தனையையும் நினைவில் வைத்திருக்கிறது.

மின்னழுத்தம் பேசிய மொழிகள்

1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஒலிக்கூறுகளை உருவாக்கினார். அவர் வகுத்த கணக்கு எளியது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். ஆகவே ஓர் அரைச்சுரம் 83.3 மில்லிவோல்ட். இதன் அழகு கூட்டலில் இருக்கிறது. கீபோர்டிலிருந்து வரும் மின்னழுத்தத்தோடு இன்னொரு வோல்ட்டைச் சேர்த்தால் மெட்டு முழுவதும் குலையாமல் மேல் ஸ்தாயிக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டுமானால் சுற்றுக்குள் மின்னோட்டமும் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு டிரான்சிஸ்டரின் இயல்பான அடுக்கேற்றப் பண்பைப் பயன்படுத்தினார்கள்: அதன் உள்ளீட்டில் ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். ஆனால் அந்த 18 வெப்பநிலையோடு மாறும், ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 0.33 விழுக்காடு. பழைய அனலாக் கருவியை இயக்கி அரைமணி நேரம் சூடாக விட்ட பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா வேறு வழியில் போனார். கீபோர்டே வேண்டாம் என்று நினைத்தவர் அவர். அவருடைய 200 வரிசைக் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட், அதாவது ஓர் அரைச்சுரத்துக்குச் சரியாக 100 மில்லிவோல்ட். கணக்குப் போடுபவனுக்கு மூக்கைவிட இவரே நல்லவர். ஜப்பானில் கோர்க், யமஹா நிறுவனங்கள் அடுக்கேற்றச் சுற்றின் தொல்லையே வேண்டாம் என்று அதிர்வெண்ணுக்கு நேர்விகிதமான மின்னழுத்தத்தைப் பல கருவிகளில் வைத்தன. இது ஹெர்ட்ஸ்–வோல்ட் முறை: 1 வோல்ட்டில் ஒலிக்கும் சுரத்தின் மேல் ஸ்தாயி 2 வோல்ட், அதற்கும் மேல் 4, பிறகு 8. 1978இல் வந்த கோர்க் எம்.எஸ்-20 இவ்வகை. மற்றவர்களின் கருவிகளோடு பேச வைக்க, கோர்க்கே எம்.எஸ்-02 என்று ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியை விற்க நேர்ந்தது.

கேட் கம்பியிலும் உடன்பாடு இல்லை. ஆர்ப், ரோலண்ட் நிறுவனங்களின் கருவிகளில் கட்டையை அழுத்தினால் மின்னழுத்தம் ஏறும். மூக் கருவிகளில் அழுத்தும்போது அந்தக் கம்பி தரையோடு குறுக்கிணைக்கப்படும். இதை எஸ்-டிரிகர் என்பார்கள். முறை மாறிப்போனால் விரலை எடுத்தவுடன் கருவி ஓயாமல் ஒலிக்கும், அழுத்தினால் மௌனமாகும். புதிதாகப் பழகுபவர்கள் கருவி பழுது என்று நினைத்துவிடும் தருணம் இது.

இந்த மின்னழுத்த உலகம் அமெரிக்கா, ஜப்பானோடு நிற்கவில்லை. 1969இல் இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் தொகுதியை நிறுவினார்.

மிடிக்கு முந்தைய மாற்றிகள்

மாற்றியின் உள்ளுறுப்பு மிடிக்கு மூத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1977இல் ரோலண்ட் வெளியிட்ட எம்.சி-8 மைக்ரோகம்போசர், நுண்செயலி கொண்ட எட்டுத்தட சீக்வென்சர், அதாவது சுரவரிசையை நினைவில் வைத்துத் தானே இயக்கும் கருவி. கனடாவைச் சேர்ந்த ரால்ஃப் டைக்கின் யோசனையிலிருந்து பிறந்தது. அதில் வாசிக்கக் கட்டைகள் கிடையாது; கால்குலேட்டர் போன்ற எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் உயரம் ஓர் எண், அடுத்த சுரம் வரையிலான காலம் ஓர் எண், கேட் திறந்திருக்கும் காலம் ஓர் எண் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குழுவுக்காக ஹிடெகி மத்சுதாகே இப்படித்தான் பொறுமையாக எண்களை ஏற்றினார். எண் உள்ளே போய் வோல்ட் வெளியே வந்தது. மிடி–சிவி மாற்றி செய்வதும் அதையேதான். எண் வரும் வாசல் மட்டும் வேறு.

1978இன் புராஃபெட்-5 சிந்தசைசருக்குள்ளும் இதே ஏற்பாடு ஒளிந்திருந்தது. விலையுயர்ந்த டிஜிட்டல்–அனலாக் மாற்றி ஒன்றே ஒன்று. அது ஒவ்வொரு குரலுக்கும் உரிய மின்னழுத்தத்தைச் சுற்று முறையில் மின்தேக்கிகளில் நிரப்பிவிட்டுப் போகும். மின்தேக்கி கசியுமுன் அடுத்த சுற்று வந்துவிட வேண்டும்.

1983க்குப் பிறகு

புராஃபெட்டை உருவாக்கிய டேவ் ஸ்மித் 1981இல் பொறியாளர் செட் உட்டுடன் சேர்ந்து எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான இணைப்பு முறை ஒன்றை முன்மொழிந்தார். ரோலண்டின் இக்குடாரோ ககெஹாஷி ஜப்பானிய நிறுவனங்களை இதற்குள் இழுத்து வந்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் புராஃபெட்-600ம் ரோலண்ட் ஜூப்பிட்டர்-6ம் ஒரே கம்பியில் பேசிக்கொண்டன. அந்த இணைப்பு முறைதான் மிடி. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு நிறுவனங்கள் செய்த இந்த வேலைக்காக ஸ்மித்துக்கும் ககெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

மிடி கம்பியில் வோல்ட் அளவுக்குப் பொருள் கிடையாது. நொடிக்கு 31,250 பிட்டுகள் ஓடும், அவ்வளவுதான். ‘இந்தத் தடத்தில் 60ஆம் எண் சுரத்தை இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்’ என்பதற்கு மூன்று பைட்டுகள், ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண், தடங்கள் 16.

1983இலேயே யமஹா டி.எக்ஸ்7 வந்து டிஜிட்டல் ஒலியைப் பரவலாக்கியது. அனலாக் கருவிகள் பழம்பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போயின. ரோலண்டின் டி.பி-303 பேஸ் பெட்டி 1984இல் நிறுத்தப்பட்டது. அப்படி விலை போகாமல் கிடந்ததைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி அதன் குமிழ்களை முறுக்கியதில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. ஃப்யூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், 303இன் சிவி, கேட் துளைகள் வெளியே அனுப்ப மட்டுமே, உள்ளே வாங்காது. மிடியால் அதை இயக்க வேண்டுமானால் பெட்டியைத் திறந்து பற்றவைக்க வேண்டும். பழைய கருவிகளுக்கு இப்படி உள்ளே பொருத்தும் துணைப்பலகைகளையும் வெளிப்பெட்டிகளையும் செய்தே இங்கிலாந்தின் கென்டன் பெயர் பெற்றது. ரோலண்டும் 1980களில் எம்.பி.யு-101 என்ற மாற்றியை விற்றது. 1990களில் அனலாக் ஒலிக்கு மவுசு திரும்பியபோது இந்தப் பெட்டிகள்தான் பழையதையும் கணினியையும் சேர்த்துவைத்தன.

இயக்கமும் நிரலும்

முதல் வேலை, எந்த மிடி தடத்தைக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பது. பல மாற்றிகளில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் போதும், தானே கற்றுக்கொள்ளும். அடுத்து அளவுமுறை: ஒரு வோல்ட்டா, 1.2 வோல்ட்டா, ஹெர்ட்ஸ்–வோல்ட்டா. பிறகு கேட்டின் திசை.

நேரத்தைத் தின்பது சுருதி சேர்ப்பதுதான். நிரலுக்குள் கணக்கு ஒரே வரி: சுர எண்ணிலிருந்து அடிச்சுர எண்ணைக் கழித்து 12ஆல் வகுத்தால் வோல்ட். 36 பூஜ்யம் என்றால் 48 ஒரு வோல்ட், 60 இரண்டு. ஆனால் எந்தச் சிந்தசைசரும் கச்சிதமான வோல்ட்டுக்குக் கச்சிதமாகப் பணிவதில்லை. ஆகவே தாழ்ந்த சுரம் ஒன்றை வாசித்துக் கருவியின் சுருதிக் குமிழால் சேர்க்க வேண்டும். நான்கு ஸ்தாயி மேலே போய், விலகலை மாற்றியின் அளவுத்திருத்தத்தால் சேர்க்க வேண்டும். மேலே திருத்தியதும் கீழே கொஞ்சம் நகர்ந்திருக்கும். மூன்று நான்கு முறை ஏறி இறங்கினால்தான் இரண்டும் நிற்கும். தம்புராவுக்குச் சுருதி கூட்டியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

எவ்வளவு நுட்பமாக இறங்க முடியும் என்பதை டிஜிட்டல்–அனலாக் சில்லு தீர்மானிக்கிறது. 12 பிட் சில்லு 10 வோல்ட்டை 4,096 படிகளாக வெட்டும். ஒரு படி 2.44 மில்லிவோல்ட், ஏறத்தாழ 3 சென்ட். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். தனியாக வாசித்தால் காது இதைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு அலையியற்றிகளை ஒன்றாக ஒலிக்கவிட்டால் அலையலையாக மோதும். 16 பிட் சில்லில் படி 0.2 சென்ட்டுக்கும் குறைவு. ஹெர்ட்ஸ்–வோல்ட் முறையில் இன்னொரு சிக்கல்: கீழே போகப்போக அரைச்சுரங்கள் நெருங்கிக்கொண்டே வரும். கால் வோல்ட் அருகே ஓர் அரைச்சுரம் வெறும் 15 மில்லிவோல்ட். அங்கே முரட்டுப் படி உடனே காதில் விழும்.

ஒரே குரல் கொண்ட கருவிக்கு இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் எது ஒலிக்க வேண்டும்? மினிமூக் கீழ்ச்சுரத்துக்கு முன்னுரிமை தரும். பழைய மூக் பாணியில் வாசித்துப் பழகிய கைக்கு ‘கடைசியாக அழுத்தியது’ என்ற இன்றைய வழக்கம் தடுக்கும். நல்ல மாற்றிகள் இரண்டையும் தேர்வாகத் தருகின்றன. நிரலர் இங்கே அழுத்தப்பட்ட கட்டைகளின் பட்டியலை நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் விரலை எடுத்ததும் கீழே அழுத்தி வைத்திருக்கும் சுரத்துக்குத் திரும்பத் தெரியாது. கம்பி நடுவில் பிடுங்கப்பட்டால் ‘விட்டுவிட்டார்’ என்ற செய்தி வராமல் சுரம் தொங்கிப்போகும். எல்லாச் சுரங்களையும் அணைக்கும் 123ஆம் கட்டுப்பாட்டு எண் அதற்காகவே இருக்கிறது.

தாளத்துக்கும் இதே பெட்டியில் இடமுண்டு. மிடி ஓர் அடிக்கு 24 துடிப்புகள் அனுப்பும்; நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நொடிக்கு 48. பழைய ரோலண்ட் டிரம் பெட்டிகளுக்கும் 24தான், கோர்க்கின் பெட்டிகளுக்கு 48. ரோலண்டின் தாளத் துளை மிடி துளையைப் போலவே ஐந்து முனை கொண்டது. பார்வைக்கு வேறுபாடே தெரியாது.

யூரோரேக்கும் அப்பாலும்

1995இல் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 தொகுதியை வெளியிட்டார். கூறுகளைச் சேர்த்துக் கட்டும் யூரோரேக் வடிவம் அதிலிருந்து பரவியது. அதோடு ஏ-190 என்ற மிடி–சிவி கூறும் வந்தது. மாற்றி தனிப் பெட்டியாக இருந்த நிலை மாறி, தொகுதிக்குள் ஒரு பலகையாகிவிட்டது. 2009இல் மோட்டு நிறுவனத்தின் வோல்டா மென்பொருள் இன்னொரு குறுக்குவழியைக் காட்டியது: நேர்மின்னோட்டத்தைத் தடுக்காத ஒலி இடைமுகம் இருந்தால், அதன் ஒலித்துளையே சிவியை அனுப்பும். சிந்தசைசரின் ஒலியைத் திருப்பிக் கேட்டு மென்பொருளே சுருதி சேர்த்துக்கொள்ளும். மேலே சொன்ன ஏறி இறங்கும் வேலை இதனால் ஒழிந்தது.

பிரான்சின் எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், தன் மாற்றிகளின் சுற்றையும் நிரலையும் திறந்தே வைத்தது. நிரல் எழுதிப் பழக விரும்புபவர்களுக்கு நல்ல பாடம் அவை.

2018 ஜனவரியில் ஏற்கப்பட்ட எம்.பி.இ முறையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித் தடம், தனிச் சுருதி வளைவு. ஜாரு போன்ற நீண்ட இழைவுகளை விரலால் இழுத்து வாசிக்க இது வழிசெய்தது. வளைவின் இயல்பான எல்லை மேலும் கீழும் 48 அரைச்சுரங்கள், அதாவது 9,600 சென்ட். மிடியின் வளைவுச் செய்தியில் 16,384 படிகள் இருப்பதால் ஒரு படிக்கு 0.6 சென்ட்டுக்குள் அடங்கும். ஆனால் அந்தச் செய்தியின் பெரிய பாதியை, 128 படிகளை மட்டும் வாசிக்கும் பழைய மாற்றியிடம் இதையே கொடுத்தால் ஒரு படி 75 சென்ட், ஜாரு ஏணிப்படியாகிவிடும்.