சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் ஆண் பெண் வேற்றுமையும்

நேயர்களே, சில நோய்கள் ஆணென்றும் பெண்ணென்றும் பாராது எவரையும் பற்றுவன. வேறு சில, இருபாலார்க்கும் பொதுவான ஓர் உறுப்பிலே தோன்றியும், ஒரு பாலாரையே மிகுதியாக நாடுவன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் இந்நோய் புதிதாகக் காணப்பட்டவர்கள் ஏறக்குறைய 573,000 பேர். அவர்களுள் ஆண்கள் 440,000 பேர். பெண்கள் 132,000 பேர். நோயாளர் நால்வரில் மூவர் ஆண்கள் என்பது இதனாற் பெறப்படும். சிறுநீர்ப்பை இருபாலார்க்கும் உண்டு. அதன் தொழிலும் ஒன்றே. அங்ஙனமாயின் இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு சாயத் தொழிற்சாலையிலே தொடங்கி, இன்று உயிர்க்கலத்தின் கருவினுள்ளே வந்து நிற்கின்றது.

ஜேர்மனியிலே, பிராங்பேட் நகரிலே, லுட்விக் றேன் என்னும் சத்திர வைத்தியர் ஒருவர் இருந்தார். காயமுற்ற மனித இதயத்தைத் தைத்து முதன்முதல் உயிர் காத்தவர் என 1896 ஆம் ஆண்டிற் புகழ்பெற்றவர் இவரே. அதற்கு முந்திய ஆண்டில், பூக்சின் எனும் செஞ்சாயம் ஆக்கும் தொழிலாளர் சிலர்க்குச் சிறுநீர்ப்பையிற் கட்டிகள் தோன்றியிருப்பதை அவர் சத்திர வைத்தியர் மாநாடொன்றில் எடுத்துரைத்தார். அச்சாயத்திற்கு மூலப்பொருளான அனிலீனே காரணம் என அவர் ஐயுற்றார். தொழிலாளர் பலர்க்கு இந்நோய் வரவே, 'அனிலீன் புற்று' என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

ஆயினும், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இங்கும் மெய்யாயிற்று. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹூப்பர் என்பவரும் அவர்தம் துணைவரும் பீற்றா நப்தைலமீன் என்னும் பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையிற் புற்றுநோய் உண்டாவதைக் காட்டினர். பிரித்தானியாவில் றொபேட் கேஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் சாயத் தொழிலாளரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, 1954 ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். குற்றவாளிகள் பீற்றா நப்தைலமீனும் பென்சிடீனும் ஆம் என்பதும், அனிலீன்மீது குற்றம் நிறுவப்படவில்லை என்பதும் அப்போது தெளிவாயின.

சாயத் தொழிற்சாலையில் உழைத்தோர் பெரும்பாலும் ஆண்கள். புகைத்தலும் நெடுங்காலம் ஆண்கள் வழக்கமாகவே இருந்தது. புகையிலைப் புகையிலும் இவ்வகை நச்சுப்பொருள்கள் உள்ளன. அவை குருதியிற் கலந்து, சிறுநீரோடு சேர்ந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. ஆகவே, ஆண்கள் நஞ்சோடு மிகுதியாகப் பழகினர், மிகுதியாக நோயுற்றனர் என்று கூறி வைத்தியவுலகம் அமைதி கொண்டது. எளிதான விடை, பெரும்பாலும் உண்மையான விடையுங்கூட.

ஆனால், கணக்குத் தீரவில்லை. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் புகைத்தல், தொழில் முதலிய காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தனர். யாவும் கழிந்த பின்னரும் ஆண்களுக்குரிய ஆபத்துப் பெண்களுக்குரியதிலும் இரண்டு மடங்கிற்கு மேற்பட்டே நின்றது. 2011 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது. பெண்களும் புகைக்கப் பழகிவிட்ட அந்நாட்டிலே, இருபாலாரிலும் இந்நோயின் ஏறக்குறைய அரைப்பங்கு புகைத்தலால் வருவதே எனக் கண்டது. புகையின் பங்கு இருபாலார்க்கும் ஒத்துவந்தும், நோயின் அளவு ஒத்துவரவில்லை. எஞ்சிய வேற்றுமையின் வேரை உடம்பினுள்ளேயே தேடவேண்டியதாயிற்று.

அதற்கு வேண்டிய திறவுகோல் முன்னரே வேறிடத்தில் வார்க்கப்பட்டிருந்தது. நம் கலங்கள் ஒவ்வொன்றின் கருவிலும் 46 நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு பாலைத் தீர்மானிப்பன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று. 1949 ஆம் ஆண்டில், கனடாவில் மரே பார் என்பவரும் அவர் மாணவர் ஏவட் பேட்றமும் பூனையின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்கையில், பெண் பூனையின் கலக்கருவில் மட்டும் ஒரு கரும்பொட்டைக் கண்டனர். அது சுருண்டு கிடக்கும் எக்ஸ் நிறமூர்த்தமே எனப் பின்னர்த் தெரிந்தது. 1961 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேரி லயன் அம்மையார், பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரு எக்ஸ்களுள் ஒன்று செயலடங்கிவிடுகின்றது என்னும் கொள்கையை வெளியிட்டார். நம் வீடுகளில் உலாவும் கருமையும் செம்மையும் கலந்த பூனை பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதன் இரகசியமும் இதுவே. ஓரிடத்தில் ஓர் எக்ஸும் மற்றோரிடத்தில் மற்றைய எக்ஸும் செயற்பட, மயிரின் நிறம் இடத்துக்கிடம் மாறுகின்றது.

ஆனால், செயலடங்கிய எக்ஸ் முற்றாக உறங்குவதில்லை. அதிலுள்ள பரம்பரையலகுகளுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து அவ்வடக்கத்துக்குத் தப்பி விழித்திருக்கின்றன என 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. தப்பியவற்றுள் ஒன்று கே.டி.எம். 6 ஏ எனப்படுவது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் இழை சிலவகைப் புரதங்களின்மேற் சுற்றப்பட்டிருக்கின்றது. அப்புரதங்களில் இடப்பட்ட பூட்டுகள் சிலவற்றைத் திறந்து, வேண்டிய செய்தியைக் கலம் படிக்கச் செய்யும் நொதியத்தை இப்பரம்பரையலகு ஆக்குகின்றது. புற்று எழாது காக்கும் காவலருள் இதுவும் ஒன்று. பெண்ணின் கலத்தில் இக்காவலர் இருவர். ஆணின் கலத்தில் ஒருவரே. வை நிறமூர்த்தத்தில் அவருக்கு ஓர் உறவினர் உளரெனினும், பூட்டைத் திறக்கும் வலிமை அவருக்கு மிகக் குறைவு. ஒரு காவலர் வீழ்ந்தால் ஆணின் அரண் திறந்துவிடும்; பெண்ணின் அரணில் மற்றொருவர் நிற்பார்.

இக்கருத்து வெறும் ஊகமன்று. சிறுநீர்ப்பைப் புற்றில் மிகுதியாகப் பழுதுபடும் பரம்பரையலகுகளுள் இதுவும் ஒன்று என்பது பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. 2018 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆராய்ச்சியாளர், நிறமூர்த்தத்தின் பங்கையும் ஓமோனின் பங்கையும் பிரித்தறியத்தக்க சுண்டெலிகளைக் கொண்டு பரீட்சித்தனர். சில எலிகளுக்கு இரு எக்ஸ் இருந்தும் விதைகள் இருந்தன. சிலவற்றுக்கு எக்ஸும் வையும் இருந்தும் சூலகங்கள் இருந்தன. ஆணுக்குரிய ஓமோன் நோயை வளர்த்தது. அதனின் வேறாக, இரண்டாம் எக்ஸ் காப்பளித்தது. பெண் எலியின் சிறுநீர்ப்பையிலிருந்து அக்காவற் பரம்பரையலகை நீக்கியபோது, அதன் காப்புங் குன்றிற்று.

வை நிறமூர்த்தத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. முதுமையடையும் ஆண்களின் கலங்கள் சில தம் வை நிறமூர்த்தத்தை இழந்துவிடுகின்றன. புகைப்போரிடம் இவ்விழப்பு மிகுதி. 2023 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகர ஆராய்ச்சியாளர், வை இழந்த சிறுநீர்ப்பைப் புற்று, உடலின் நிர்ப்பீடனக் கலங்களைச் சோர்வுறச் செய்து விரைந்து வளர்வதைச் சுண்டெலிகளிற் கண்டனர். ஆயின், நிர்ப்பீடன ஆற்றலை மீட்டெழுப்பும் புதிய மருந்துகளுக்கு அத்தகைய புற்றே நன்கு பணிந்தது. பகைவனின் வலிமையிலேயே அவன் பலவீனமும் மறைந்திருந்தது.

நேயர்களே, இதுவரை கூறியவற்றால் பெண்கள் பேறு பெற்றவர் என எண்ணிவிடலாகாது. ஆண்டொன்றில் 132,000 பெண்கள் என்னும் தொகை சிறிதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017 ஆம் ஆண்டில், தசையை ஊடுருவாத தொடக்கநிலைப் புற்றுக்களை ஆராய்ந்தபோது, நாம் கூறிய காவற் பரம்பரையலகின் பழுது ஆண்களின் கட்டிகளிலும் பார்க்கப் பெண்களின் கட்டிகளிலேயே மிகுந்திருக்கக் கண்டனர். காவலர் இருவர் இருப்பினும் கோட்டை வீழ்வதுண்டு.

இன்னுமொன்று. நோய் வந்த பெண்களுள், ஆண்களிலும் பார்க்கக் கூடிய பங்கினர் நோய் முற்றிய பின்னரே வைத்தியரால் இனங்காணப்படுகின்றனர். அவர்கள் உயிர் பிழைப்பதும் அரிதாகின்றது. காரணங்களுள் ஒன்று கட்டியில் இல்லை. நம் எண்ணத்தில் உள்ளது. ஆணின் சிறுநீரில் இரத்தம் கண்டால் வைத்தியர் புற்றோவென ஐயுறுவார். பெண்ணின் சிறுநீரில் கண்டாலோ, கிருமித் தொற்று என்றும், மாதவிடாயின் எச்சம் என்றும், மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. 'இது ஆண்களின் நோய்' என்ற ஒரு சொல், நுணுக்குக்காட்டி காண வேண்டியதைக் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது.

றேன் தம் நோயாளரிடம் அவர்கள் செய்யும் தொழிலைக் கருதினார். அதனால் ஒரு நஞ்சு வெளிப்பட்டது. பின்வந்தோர் கலக்கருவை நோக்கினர்; அதனால் ஒரு காவல் வெளிப்பட்டது. இவ்விரு அறிவும் நமக்கு வேண்டியவை. வலியின்றி ஒரே ஒரு முறை தோன்றி மறைந்தாலும், சிறுநீரில் இரத்தம் என்பது ஆராயப்படவேண்டிய அறிகுறி. ஆணாயினும் பெண்ணாயினும் அதை வைத்தியரிடம் கூற நாணுதல் வேண்டா. மருந்துண்டபின் மீண்டும் தோன்றுமாயின், மீண்டும் சென்று, சிறுநீர்ப்பையைச் சோதிக்கும்படி கேட்டல் வேண்டும்.