தலையில் மாட்டும் விளையாட்டு ஜெயிக்குமா?

கண்ணை மூடுகிற ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வெறும் காற்றில் கையை வீசி வீசி ஒருவர் விளையாடுவதை யூடியூபில் பலரும் பார்த்திருப்பார்கள். அதுதான் விஆர் ஹெட்செட். உள்ளே போட்டவருக்கு வேறொரு உலகம் தெரியும். எதிரில் இருக்கும் நிஜ உலகம் மறையாமல், அதன் மேலேயே படம் தெரிந்தால் அதற்குப் பெயர் ஏஆர்.

"இனிமேல் விளையாட்டு என்றால் இதுதான்" என்று கம்பெனிகள் பத்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனால் காரைக்குடியில் எந்த டீக்கடை வாசலில் பார்த்தாலும் பையன்கள் தலைகுனிந்து விளையாடுவது செல்போனில்தான். அப்படியானால் ஹெட்செட்டுக்கு எதிர்காலம் உண்டா இல்லையா? இதற்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் ஒரு 170 வருடம்!

1858-லேயே வந்துவிட்டது

நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுவேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர் இதை விளக்கி, இரண்டு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியைச் செய்தார். இன்றைய விஆர் ஹெட்செட்டின் அடிப்படையும் இதேதான். அட்டைப் படத்துக்குப் பதில் மின்திரை, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும் என்பது மட்டும் பிற்பாடு சேர்ந்தது.

1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு இந்தப் பெட்டி ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். 1858-ல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று முழுக்க ஸ்டீரியோ படங்கள். திருச்சியையும் தஞ்சாவூரையும் அன்றே முப்பரிமாணத்தில் பார்க்க முடிந்திருக்கிறது!

அப்புறம் என்ன ஆனது? வீட்டுக்கு வீடு இருந்த அந்தப் பெட்டி மெல்ல மெல்லப் பரணுக்குப் போனது.

ஒருவர் பார்க்கும் பெட்டி, ஊரே பார்க்கும் திரை

சினிமாவின் கதையிலும் இதே போட்டி நடந்தது. 1894-ல் எடிசன் கம்பெனியின் கினெட்டோஸ்கோப் நியூயார்க்கில் வந்தது. காசு கொடுத்து, குனிந்து, ஒரு துளை வழியாக ஒருவர் மட்டும் ஓடும் படத்தைப் பார்க்கலாம். அடுத்த வருடமே பாரிஸில் லூமியே சகோதரர்கள் படத்தைத் திரையில் போட்டுக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் அந்தத் திரையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, கூடாரம் அடித்துப் படம் காட்டினார். காரைக்குடிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இந்த ஊர்க்காரரான ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 1945-ல் இங்கேதான் ஏவிஎம் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். பிறகுதான் ஸ்டூடியோ சென்னைக்குப் போனது.

நூறு பேர் ஒரே இடத்தில் சேர்ந்து சிரிப்பதும் விசில் அடிப்பதும் தனியாகத் துளைக்குள் பார்ப்பவருக்குக் கிடைக்காது. ஹெட்செட் விஷயத்திலும் இதை மறந்துவிடக் கூடாது.

கண்ணாடி மாட்டிய காலம்

1984-ல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம். அடுத்த வருடமே தமிழில் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' வந்தது. கொஞ்ச நாளில் மோகம் அடங்கியது. 2009-ல் 'அவதார்' வந்ததும் மறுபடி கிளம்பியது. தமிழில் ஷங்கரின் '2.0' (2018) 3டி கேமராவிலேயே எடுக்கப்பட்டது.

இதைப் பார்த்து டிவி கம்பெனிகள் வீட்டுக்கே 3டி டிவியைக் கொண்டுவந்தன. 2017-ல் எல்ஜி, சோனி உட்பட எல்லோரும் கடையை மூடிவிட்டார்கள். தியேட்டரில் இரண்டரை மணி நேரம் கண்ணாடி போடச் சம்மதித்த அதே ஆள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கும்போது போட மறுத்துவிட்டார்!

விளையாட்டுக்குள் வந்தபோது

1995-ல் நிண்டெண்டோ 'வெர்ச்சுவல் பாய்' என்ற கருவியை வெளியிட்டது. சிவப்பு, கறுப்பு இரண்டே நிறம். மேஜையில் வைத்து முகத்தைப் புதைத்து விளையாட வேண்டும். சுமார் 7.7 லட்சம்தான் விற்றது. அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

2012-ல் ஆக்குலஸ் ரிஃப்ட் பொதுமக்களிடமே நிதி திரட்டி 24 லட்சம் டாலர் சேர்த்தது. 2014-ல் பேஸ்புக் அந்தக் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே வருடம் கூகுள், செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப் பெட்டியை வெளியிட்டது. 2021-ல் அதன் விற்பனையை நிறுத்தியது.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். சோனியின் பிளேஸ்டேஷன் விஆர் 2016-ல் வந்தது. 2019 முடிவில் 50 லட்சம் விற்றிருந்தது. நல்ல எண்ணிக்கைதானே என்று தோன்றும். ஆனால் அதை மாட்டி விளையாட வேண்டிய பிளேஸ்டேஷன் 4 அப்போது 10.6 கோடி விற்றிருந்தது. அதாவது மெஷின் வைத்திருந்த 100 பேரில் 5 பேர்கூட ஹெட்செட் வாங்கவில்லை.

மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட பேஸ்புக்கின் கணக்கு இன்னும் பயங்கரம். ஹெட்செட் செய்யும் பிரிவில் 2024-ல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நஷ்டம். 2020 முதல் ஐந்து வருடத்தைக் கூட்டினால் 6,400 கோடி டாலரைத் தாண்டுகிறது. வேறு கம்பெனியாக இருந்தால் எப்போதோ திவாலாகியிருக்கும். விளம்பர வருமானம் கொட்டுவதால் தாங்குகிறது.

ஏன் ஒட்டவில்லை?

முதல் காரணம் தலைசுற்றல். கண் "ஓடுகிறேன்" என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல் வருகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் புத்தகம் படித்தவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது எடையும் பேட்டரியும். 2020-ல் வந்த குவெஸ்ட் 2 சுமார் அரை கிலோ. சார்ஜ் இரண்டு மூன்று மணி நேரம். 2024-ல் 3,499 டாலர் விலையில் வந்த ஆப்பிள் விஷன் புரோவுக்கு பேட்டரியைத் தனியாகப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி சிக்ரி நிலையம் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிறது. ஹெட்செட்டின் தலையெழுத்தில் பாதி இந்த மாதிரி ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது.

மூன்றாவது வியாபாரச் சிக்கல். வாங்கியவர்கள் குறைவு என்பதால் பெரிய கம்பெனிகள் கேம் செய்யத் தயங்குகின்றன. நல்ல கேம் இல்லாததால் ஆட்கள் வாங்கத் தயங்குகிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' (2020), 'பீட் சேபர்' மாதிரி அருமையான கேம்கள் உண்டு. ஆனால் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தியாவில் ஜியோ 2023-ல் 1,299 ரூபாய்க்கு 'ஜியோடைவ்' என்று ஒன்றை விற்றது. செல்போனைச் செருகி ஐபிஎல் பார்க்கலாம். விலை குறைவுதான். ஆனால் ஐபிஎல் மேட்சை யாராவது தனியாகப் பார்ப்பார்களா?

ஹெட்செட் இல்லாமலே ஜெயித்த ஏஆர்

2016-ல் 'போக்கிமான் கோ' உலகத்தையே தெருவில் இறக்கி நடக்க விட்டது. அந்த டிசம்பரில் ஜியோவுடன் சேர்ந்து இந்தியாவுக்கும் அதிகாரபூர்வமாக வந்தது. தலையில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும். 2025-ல் அதை உருவாக்கிய நியாண்டிக் தன் கேம் பிரிவை 350 கோடி டாலருக்கு விற்றது. ஏஆர் விளையாட்டுக்கு ஆசைப்படும் கூட்டம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தக் கூட்டம் ஹெட்செட்டைக் கேட்கவில்லை.

சரி, எதிர்காலம்?

மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும். திருவிழா என்றால் ராட்டினம் வேண்டும். குழந்தைகள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, ஐந்து நிமிடம் சுற்றி, தலைசுற்ற இறங்கி, மறுபடி ஏறுவார்கள். அதற்காக யாரும் வீட்டு முற்றத்தில் ராட்டினம் கட்டுவதில்லை. ராட்டினம் தோற்றுவிட்டது என்றும் யாரும் சொல்வதில்லை.

விஆர் ஹெட்செட்டும் இப்படித்தான் நிற்கும் என்று அதன் 170 வருட வரலாறு சொல்கிறது. பெரிய ஊர் மால்களில் அரை மணி நேர விளையாட்டாக இருக்கும். விமானம் ஓட்டவும் ஆபரேஷன் செய்யவும் பயிற்சி தர இருக்கும். கார் பந்தயம், விமான விளையாட்டு என்று வெறியாக இருக்கும் ஒரு சின்னக் கூட்டத்தின் வீட்டிலும் இருக்கும். செல்போன் இடத்தைப் பிடிக்காது.

ஏஆர் கதை வேறு மாதிரி போகலாம். 2023-ல் வந்த ரேபான் மெட்டா கண்ணாடி, ஒன்றரை வருடத்துக்குள் 20 லட்சம் விற்றது. அதில் திரையே கிடையாது, கேமராவும் ஸ்பீக்கரும்தான். ஆனாலும் சாதாரண மூக்குக் கண்ணாடி போல இருந்ததால் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025-ல் திரை வைத்த கண்ணாடியும் 799 டாலருக்கு வந்துவிட்டது. இது எடையிலும் விலையிலும் நல்ல செல்போன் அளவுக்கு இறங்கி வந்தால் விளையாட்டும் பின்னாலேயே வரும்.

எனவே கேம் செய்யக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் விஆரையும் கற்றுக்கொள்ளட்டும், தப்பில்லை. அதை மட்டுமே நம்பிக் கடன் வாங்க வேண்டாம். கடை போட நினைக்கும் அண்ணன்மார், ஹெட்செட் வாங்கி விற்பதை விட மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதை யோசிக்கலாம். ராட்டினக்காரர் செய்வதும் அதுதானே!