நந்தன் கதைக்குள் பண்ணையார் எப்போது வந்தார்?



கடலூரில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தபோது 'டீப்-ரூட்டட்' என்ற கூட்டுப் பெயரடையை நடத்தியது சிலருக்கு நினைவிருக்கலாம். நடுவில் சிறு கோடு விட்டால் அரை மதிப்பெண் போகும்! ஒரு கருத்து மக்கள் மனதில் அசைக்க முடியாமல் நிலைத்துவிட்டால் அதற்கு இந்தச் சொல். 'ஆழ வேரூன்றிய' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் நந்தனார் கதை.

நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுத்தது யார்? பண்ணையார் வேதியர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றார், சிவகணங்கள் ஒரே இரவில் முடித்துக் கொடுத்தன.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இந்த வேதியர் கிடையாது. நாற்பது வேலியும் கிடையாது. அங்கே நந்தன் தன் குலத்தை நினைத்துத் தானே தயங்குகிறார். நாளை போவேன் என்று நாள் தள்ளுகிறார். தில்லை எல்லைக்கு வந்தும் உள்ளே போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். தீயில் புகுந்து எழுந்த பிறகே கோவிலுக்குள் நுழைகிறார்.

வேதியரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பிறகு தந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். பண்டிதர் தயங்கினாலும் ஜனங்கள் தயங்கவில்லை. காலட்சேபம், நாடகம், அப்புறம் சினிமா. 1935 படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தார்கள். 1942இல் தண்டபாணி தேசிகர்.

ஆக, இந்த வேரின் வயது நூற்று அறுபது சொச்சம்தான். பிச்சாவரத்தில் தில்லை மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் வேர் சேற்றின் மேலேயே பாம்பு போலப் படர்ந்து கிடக்கும்.

பாரதியார் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். சேக்கிழாரிடம் தடுக்கிற ஆள் என்று ஒருவர் இல்லை, ஊர் வழக்கமே தடை. பாரதியார் அந்தத் தடைக்கு நிலமும் அதட்டலும் உள்ள ஒரு முகம் கொடுத்தார். எனக்கு உறுத்துவது வேறு. வேதியர் மனம் மாறி நந்தன் காலில் விழுந்ததும் படம் பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அந்தத் தீ மட்டும் கதையில் அப்படியே எரிகிறது. அது எதற்கு என்று நம் வீடுகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். பின்னாளில் சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார்.

நந்தன் பிறந்த ஆதனூர் காட்டுமன்னார்கோவில் பக்கம்தான் என்பார்கள். அந்தப் பக்கத்து மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் பாட்டி சொன்ன கதையில் பண்ணையார் இருந்தாரா என்று கீழே எழுதுங்கள்.