காப்பாற்றுவதா, பலி கொடுப்பதா? ‘சோல் சாக்ரிஃபைஸ்’ பற்றி ஒரு மறுவாசிப்பு

2013 மார்ச்சில் ஜப்பானில் ‘சோல் சாக்ரிஃபைஸ்’ வெளிவந்தபோது பலருக்கும் இருந்தது ஒரே கேள்விதான்: இது சோனியின் அடுத்த ‘மொன்ஸ்டர் ஹண்டர்’ ஆகுமா? ஒரு கேமை அதன் சொந்தக் கேள்வியை வைத்து எடை போடாமல், இன்னொரு கேமின் இடத்தை நிரப்புதா எண்டு பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கொஞ்சம் பின்னணி. பிஎஸ்பி காலத்தில் நாலு பேர் ஒண்டா இருந்து பூதங்களை வேட்டையாடுவதுதான் ஜப்பானில் பெரிய மோகம். 2010 டிசம்பரில் வந்த ‘மொன்ஸ்டர் ஹண்டர் போர்ட்டபிள் தேர்ட்’ அங்கே 40 இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனா அந்தத் தொடரின் அடுத்த பாகம் 2011 டிசம்பர் 10ஆம் திகதி வந்தது நின்டெண்டோ 3டிஎஸ்சில். ஒரு கிழமை கழித்து, 17ஆம் திகதி, சோனியின் வீட்டா கடைக்கு வந்தது. 5 அங்குல ஓலெட் திரை, கையில் எடுத்தாலே ஆசை வரும். நண்பர்களைக் கூட்டி வைக்கிற அந்த கேம்தான் இல்லை.

அந்த வெற்றிடத்துக்கு வந்தவர் கெய்ஜி இனாஃபுனே. ‘ஒனிமுஷா’, ‘டெட் ரைசிங்’ தயாரித்தவர். 2010இல் கப்கொம்மை விட்டு விலகி ‘கொம்செப்ட்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் கொண்டுவந்த கதை இருண்டது. மகுசார் என்ற மந்திரவாதியின் கூண்டில் பலிக்காகக் காத்திருக்கும் கைதி நீங்கள். கையில் அகப்படுவது லிப்ரம் எனும் பேசும் புத்தகம். அது ஒரு மந்திரவாதியின் நாட்குறிப்பு. அதை வாசித்தால் அவனுடைய சண்டைகளை நீங்களே போடவேண்டும்.

நீங்கள் வீழ்த்தும் பெரிய பூதங்கள் பல, ஒருகாலத்தில் மனிதர்கள். ஏதோ ஒரு ஆசைக்கு விலை கொடுத்து இப்படி ஆனவர்கள். விழுந்ததும் பூத உடலுக்குள்ளிருந்து மனிதர் வெளியே வருவார். அப்போது இரண்டே தெரிவு: காப்பாற்றலாம், அல்லது பலி கொடுக்கலாம். காப்பாற்றினால் உங்கள் உயிர்ப் பலம் கூடும். பலி கொடுத்தால் தாக்கும் பலம் கூடும். கூட விளையாடும் நண்பன் விழுந்தாலும் இதே தெரிவுதான்! கடைசி வழியாக உங்கள் உடலையே கொடுத்தும் பெரிய மந்திரம் போடலாம். தோலைக் கொடுத்தால் பாதுகாப்புக் குறையும். கண்ணைக் கொடுத்தால் திரையில் தெரியும் காட்சியே சுருங்கும்.

குறைகளையும் சொல்லத்தான் வேணும். களங்கள் சின்னவை, திரும்பத் திரும்ப வருபவை. பலம் கூட்ட ஒரே சண்டையைப் பலமுறை போடவேண்டும். ஒரே பக்கத்தை மறுபடி வாசிக்கிறோம் எண்டு புத்தகம் அதற்கு அழகான சாட்டு வைத்திருக்கிறது. ஆனாலும் அலுக்கும்.

பெரிய சிக்கல் அந்தத் தெரிவிலேயே இருக்கு. முதல் தடவை ஒரு மனிதர் முன்னால் கிடக்கும்போது விரல் தயங்கும். பத்தாவது தடவை தயங்காது. எனக்கு இப்ப எந்த எண் கூடவேணும் என்பதுதான் கணக்கு. இரக்கத்துக்கும் சம்பளம், கொலைக்கும் சம்பளம் என்றால் இரண்டும் ஒரே வியாபாரம்தானே? இது வடிவமைப்பின் தோல்வி எண்டு சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கதையில் வரும் மந்திரவாதிகளுக்கும் இதேதான் நடக்கிறது: கடமை என்று தொடங்கி, பழக்கமாகி, கடைசியில் தாங்களே பூதமாகிறார்கள். விளையாடுபவரின் மரத்துப்போன விரல் அந்தக் கதையை உறுதிப்படுத்துகிறது. ‘மொன்ஸ்டர் ஹண்டர்’ கேட்காத கேள்வி இது.

2014இல் வந்த ‘சோல் சாக்ரிஃபைஸ் டெல்டா’ மூன்றாவது வழியொன்றைச் சேர்த்தது. கிரிம் என்ற கூட்டத்தார் காப்பாற்றவும் மாட்டார்கள், பலி கொடுக்கவும் மாட்டார்கள், விதியிடம் விட்டுவிடுவார்கள். தீர்ப்புச் சொல்லாமல் விலகுவதும் ஒரு தீர்ப்புத்தான் என்பதை அது காட்டியது.

வீட்டாவின் உற்பத்தி 2019இல் ஜப்பானிலும் நின்றது. இந்த கேம் வேறு எந்தக் கருவிக்கும் போகவில்லை. பழைய வீட்டா ஒன்று யாரிடமாவது கிடைத்தால் ‘டெல்டா’விலிருந்து தொடங்குங்கள். முதலாவது மனிதர் முன்னால் விழும்போது, எந்தப் பலம் கூடும் எண்டு பார்க்காமல் ஒருக்கா முடிவெடுத்துப் பாருங்கள்.