அன்வர் அலி ஒப்பந்தப் பிணக்கு

அன்வர் அலி ஒப்பந்தப் பிணக்கு என்பது ஒரு கால்பந்து வீரரின் ஆட்டம் எந்த அணிக்கு உரியது என்பது பற்றி 2024ஆம் ஆண்டு இந்தியாவில் எழுந்த வழக்காகும்.

பின்னணி

அன்வர் அலி பஞ்சாபைச் சேர்ந்த தடுப்பாட்ட வீரர். இதயத் தசைக் கோளாறு காரணமாக முன்பு ஆடவிடாமல் நிறுத்தப்பட்ட இவர், டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடிப் பின்னர் களம் திரும்பியவர். 2023இல் டெல்லி எஃப்.சி. அணி இவரை நான்காண்டு இரவலில் மோகன் பகானுக்கு அனுப்பியது. இரவல் முறையில் வீரர் வேறு அணிக்கு ஆடினாலும் தாய் அணியுடனான ஒப்பந்தம் நீடிக்கும். ஆனால் இரவலின் உச்ச வரம்பு ஓராண்டு என்று ஃபிஃபா 2022இல் விதி வகுத்திருந்தது.

பிணக்கு

2024 ஜூலையில் அன்வர் அலி மோகன் பகான் இரவலை முறித்துக்கொண்டார். பின்னர் அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நியாயமான காரணமின்றி முறித்ததாகக் கூறி, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு செப்டம்பர் 10 அன்று அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. அவரும் இரு அணிகளும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் சென்றதும் கூட்டமைப்பு அவ்வாணையைத் திரும்பப் பெற்று மறுவிசாரணைக்கு இசைந்தது. அம்மாதமே அவர் ஈஸ்ட் பெங்காலுக்காகக் களமிறங்கினார்.

முக்கியத்துவம்

1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த போஸ்மான் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரின் விடுதலையைப் பற்றியது. அன்வர் அலி வழக்கோ நடுவில் முறிந்த ஒப்பந்தத்தைப் பற்றியது. ஆட்டக்காலம் குறுகியது என்பதால் நான்காண்டுக் கையொப்பம் வீரருக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம், கட்டாகவும் அமையலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது.