பர்மிங்ஹாம் நகர ஆட்சி: மூன்று ஆணையர்களிலிருந்து கறுப்பின மேயர்கள் வரை

1963 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்ஹாம் நகரத்துக்கு இரண்டு மேயர்கள் இருந்தனர். ஒருவர் புதிய தேர்தலில் வென்றவர். மற்றவர், தமது பதவிக்காலம் 1965 வரை நீள்கிறது என்று கூறி நாற்காலியை விட மறுத்தவர். அந்த வாரங்களில்தான் மார்ட்டின் லூதர் கிங் அந்நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். போராடிய பள்ளிச் சிறார்கள்மீது காவல் நாய்கள் ஏவப்பட்டன. தீயணைப்புக் குழாய்களின் நீர் பாய்ச்சப்பட்டது. அந்த நிழற்படங்களை உலகம் மறக்கவில்லை. ஆனால் அதே வேளையில் நகர ஆட்சியின் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு நகரத்தின் ஆட்சிப் பொறுப்பை அடைவதற்கு எத்தனை பூட்டுகளைத் திறக்க வேண்டியுள்ளது என்பதைப் பர்மிங்ஹாமின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இரும்பு நகரமும் பறிக்கப்பட்ட வாக்கும்

பர்மிங்ஹாம் 1871-இல் தோன்றியது. இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் அருகருகே கிடைத்த இடத்தில், இரண்டு இருப்புப்பாதைகள் சந்திக்கும் புள்ளியில், ஒரு நில நிறுவனம் அதை உருவாக்கியது. இங்கிலாந்தின் தொழில் நகரத்தின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. ராபர்ட் ஹென்லி முதல் மேயரானார். சுரங்கங்களில் உழைத்தவர்களில் கறுப்பின மக்கள் பெருமளவில் இருந்தனர். சிறு குற்றங்களுக்காகப் பிடிக்கப்பட்டவர்களைச் சுரங்க முதலாளிகளுக்கு வாடகைக்கு விடும் கைதி ஒப்பந்த முறை அலபாமாவில் 1928 வரை நீடித்தது.

1901-இல் மாநிலம் புதிய அரசமைப்பை இயற்றியது. வெள்ளையின மேலாதிக்கத்தைச் சட்டத்தின் வழியே நிலைநிறுத்துவதே நோக்கம் என்று அதை எழுதக் கூடிய மாநாட்டின் தலைவரே வெளிப்படையாக அறிவித்தார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, ஆண்டுக்கு 1.50 டாலர் வாக்கு வரி ஆகியவை புகுத்தப்பட்டன. வாக்கு வரியின் நிலுவை ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். அனைத்தையும் கட்டினால்தான் வாக்களிக்க முடியும். கறுப்பின மக்கள் ஏறத்தாழ முழுமையாகவும், ஏழை வெள்ளையினத்தவர் பெருமளவிலும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். பூட்டுகளில் முதலாவது இதுவே.

மூவர் ஆட்சி

1911-இல் பர்மிங்ஹாம் ஆணையர் ஆட்சி முறைக்கு மாறியது. 1900-ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பிறகு டெக்சாசின் கால்வெஸ்டன் நகரம் கைக்கொண்ட இம்முறை, திறமையான நிர்வாகம் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. இதில் தனி நகர்மன்றம் கிடையாது. சில ஆணையர்களே சட்டமும் இயற்றுவர், துறைகளையும் நடத்துவர். பர்மிங்ஹாமில் பெரும்பாலான காலம் மூவர் இருந்தனர். அவர்களில் தலைவரே மேயர் எனப்பட்டார்.

மூவரும் நகரம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பகுதியில் செறிந்து வாழும் சிறுபான்மையினர் தமக்கென ஒரு பிரதிநிதியை அனுப்புவதற்கு இம்முறையில் வழியே இல்லை. வாக்குரிமை ஓரளவு கிடைத்தாலும், இந்த இரண்டாம் பூட்டு அதன் பயனைத் தடுத்துவிடும்.

1937-இல் பொதுப் பாதுகாப்பு ஆணையராக வந்த யூஜீன் 'புல்' கானர், சில ஆண்டுகள் நீங்கலாக 1963 வரை காவல்துறையையும் தீயணைப்புத் துறையையும் தம் கையில் வைத்திருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடுவதைக்கூட நகரச் சட்டம் தடை செய்தது. எவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை வரையறுத்த இனவாரி மண்டலச் சட்டத்தை 1950-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. அக்காலத்தில் எல்லை கடந்து வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. அப்பகுதிக்கு 'டைனமைட் குன்று' என்றே பெயர் வந்தது. போராட்டத் தலைவரான போதகர் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் வீடு 1956 கிறிஸ்துமஸ் இரவில் தகர்க்கப்பட்டது. 1966 வரை நகரக் காவல்துறையில் ஒரு கறுப்பினக் காவலர்கூடப் பணியமர்த்தப்படவில்லை.

அமைப்பை மாற்றிய வாக்கெடுப்பு

1961 மே 14 அன்று, பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த விடுதலைப் பயணிகள் பர்மிங்ஹாம் பேருந்து நிலையத்தில் தாக்கப்பட்டனர். கு கிளக்ஸ் கிளான் கும்பல் அடித்து முடிக்கும்வரை காவல்துறை அங்கே வரவில்லை. அன்னையர் தினம் என்பதால் காவலர்கள் விடுப்பில் இருந்தனர் என்று கானர் விளக்கம் கூறினார். அப்போது டோக்கியோவில் இருந்த நகர வணிகர் சங்கத் தலைவர் சிட்னி ஸ்மையர், அத்தாக்குதலின் படத்தை அங்குள்ள நாளிதழில் கண்டார். இனப் பிரிவினையை ஆதரித்து வந்த அவரே, இந்த ஆட்சி நீடித்தால் தொழில் அழியும் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்து, பூங்காக்களை அனைவருக்கும் திறக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஆணையர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களை மூடிவிட்டனர்.

ஆணையர்களைத் தேர்தலில் தோற்கடிப்பதைவிட அவர்களது பதவிகளையே ஒழிப்பது எளிது என்று வழக்கறிஞர் டேவிட் வான் உள்ளிட்டோர் கருதினர். கையெழுத்து இயக்கத்தின் விளைவாக 1962 நவம்பர் 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மேயரும் ஒன்பது உறுப்பினர் கொண்ட நகர்மன்றமும் என்ற புதிய முறை குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றது. 1963 ஏப்ரல் 2-இல் நடந்த இறுதிச் சுற்று மேயர் தேர்தலில் ஆல்பர்ட் பவுட்வெல் ஏறத்தாழ 8,000 வாக்கு வேறுபாட்டில் கானரைத் தோற்கடித்தார். நகர மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினராக இருந்தும், கறுப்பின மக்களின் பங்கு வாக்காளர் பட்டியலில் அதில் பாதிகூட இல்லை. ஆயினும் அந்தச் சிறு வாக்குத் தொகுதியே இரு முறையும் முடிவைத் தீர்மானிக்க உதவியது.

பவுட்வெல்லும் இனப் பிரிவினைவாதியே. பள்ளிகளில் பிரிவினையைக் காக்கும் சட்டத்துக்கு மாநில மேலவையில் முன்னின்றவர் அவர். புதிய ஆட்சிக்கு அவகாசம் தர வேண்டும் என்று பலர் அறிவுரை கூறியபோதும், தேர்தலுக்கு மறுநாளே போராட்டம் தொடங்கப்பட்டதற்கு இதுவும் காரணம். ஆர்ட் ஹேன்ஸ் தலைமையிலான பழைய ஆணையர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு முடியும்வரை காவல்துறை கானரின் ஆணைக்கே கட்டுப்பட்டது. மே 10-இல் போராட்டக் குழுவுக்கும் வணிகர்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. மே 23-இல் மாநில உச்ச நீதிமன்றம் புதிய ஆட்சியே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜூலையில் நகர்மன்றம் இனப் பிரிவினைச் சட்டங்களை நீக்கியது. செப்டம்பர் 15 அன்று 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது.

மன்றத்துக்குள் முதல் இருக்கை

1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் முதல் பூட்டை உடைத்தது. கறுப்பின வழக்கறிஞர் ஆர்தர் ஷோர்ஸ் 1968 டிசம்பரில் நகர்மன்றத்தில் நியமிக்கப்பட்டார். அதில் அமர்ந்த முதல் கறுப்பினர் அவரே. குண்டுவீச்சில் அவரது வீடும் இருமுறை சேதமடைந்திருந்தது. 1971-இல் ரிச்சர்ட் ஆரிங்டன் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து, விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், காவல்துறை வன்முறை குறித்த முறையீடுகளைத் தொடர்ந்து மன்றத்தில் எழுப்பினார்.

1975-இல் டேவிட் வான் மேயரானார். 1979 ஜூன் மாதம் போனிட்டா கார்ட்டர் என்ற இருபது வயது கறுப்பினப் பெண் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் ஆயுதம் ஏதுமில்லை. சுட்ட காவலரை வான் பணிநீக்கம் செய்யவில்லை. ஆணையர் ஆட்சியை வீழ்த்தியவர் என்ற பெருமை கொண்ட அவரைவிட்டு கறுப்பின மக்கள் விலகினர். அவ்வாண்டு அக்டோபரில் ஆரிங்டன் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்லெண்ணம் கொண்ட கூட்டாளி ஆட்சியில் இருப்பதும், பாதிக்கப்பட்டோரே ஆட்சியில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அத்தேர்தல் உணர்த்தியது.

ஆரிங்டன் 1999 வரை ஐந்து முறை மேயராக இருந்தார். காவல், தீயணைப்புத் துறைகளில் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் பணி நியமன, பதவி உயர்வு இலக்குகளை நிர்ணயிக்க 1981-இல் நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. வெள்ளையினத் தீயணைப்பு வீரர்கள் தொடுத்த வழக்கில், அவ்வுடன்படிக்கையை அவர்கள் எதிர்த்து வாதிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் வீச்சைக் குறைக்கவே 1991-ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. நகர்மன்றத் தேர்தலும் 1989 முதல் ஒன்பது வட்டங்கள் வாரியாக நடத்தப்பட்டது.

எல்லைக்கு வெளியே சென்ற செல்வம்

கறுப்பின மக்கள் நகர ஆட்சியை அடைந்த அதே காலத்தில் நகரத்தின் வரி வருவாய் வெளியேறிக்கொண்டிருந்தது. எஃகு ஆலைகள் சுருங்கின. வசதி படைத்த வெள்ளையினக் குடும்பங்கள் மவுண்டன் புரூக், வெஸ்டாவியா ஹில்ஸ், ஹோம்வுட் போன்ற தனி நகராட்சிகளுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றை பர்மிங்ஹாமுடன் இணைக்கும் முயற்சிகள் தோற்றன. 1960-இல் 3,40,887 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 2,00,733 ஆகக் குறைந்தது. நகர எல்லைக் கோடே மூன்றாம் பூட்டாயிற்று.

சீர்கேடுகளும் நேர்ந்தன. நகரத்தை உள்ளடக்கிய ஜெஃபர்சன் மாவட்ட நிர்வாகம், கழிவுநீர்த் திட்டக் கடன்களால் 2011-இல் திவாலானது. அத்திட்டத்தையும் கடன் பத்திரங்களையும் சுற்றி நடந்த ஊழல்களில் கறுப்பர், வெள்ளையர் என்ற வேறுபாடின்றி அலுவலர்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். மாவட்டப் பொறுப்பில் இருந்தபோது லஞ்சம் பெற்றதற்காக, மேயர் லேரி லாங்ஃபோர்டு 2009-இல் பதவியிழந்து சிறை சென்றார். உயர்ந்த கழிவுநீர்க் கட்டணத்தின் சுமை ஏழை மக்கள்மீதே விழுந்தது.

மாநிலத்தின் பிடி

பர்மிங்ஹாம் நகர்மன்றம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக உயர்த்தும் சட்டத்தை இயற்றியது. 2016 பிப்ரவரியில், வெள்ளையினப் பெரும்பான்மை கொண்ட மாநிலச் சட்டமன்றம் விரைந்து கூடி, எந்த நகரமும் தனியாகக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றி அதைச் செல்லாததாக்கியது. மாநிலம் தழுவிய குறைந்தபட்சக் கூலி அலபாமாவில் இல்லை என்பதால், கூட்டாட்சி அரசின் 7.25 டாலரே மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

நகர்மன்றக் கட்டடத்தை ஒட்டிய லின் பூங்காவில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுக்கான நினைவுத்தூண் 1905 முதல் நின்றது. இத்தனைக்கும் அந்நகரம் பிறந்ததே உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான். அத்தகைய சின்னங்களை அகற்றுவதை மாநிலம் 2017-இல் தடை செய்தது. மேயர் வில்லியம் பெல் பலகைகளால் அதை மறைத்தார். மாநில அரசு வழக்குத் தொடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் நகரத்துக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு, 2020 ஜூன் தொடக்கத்தில், மேயர் ராண்டல் வுட்ஃபின் அபராதத்தை ஏற்கத் துணிந்து அத்தூணை அகற்றினார்.

வாக்குரிமை, தேர்தல் முறை, நகர எல்லை, மாநில அதிகாரம் ஆகிய நான்கு பூட்டுகளில் முதல் இரண்டும் போராட்டத்தால் திறக்கப்பட்டன. மற்ற இரண்டும் இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. அதற்காக நாற்காலியை அடைந்தது வீண் என்று கூற இயலாது. 1963-இல் சிறார்கள்மீது நாய்களை ஏவிய காவல்துறை இன்று அவர்களது தலைமுறை தேர்ந்தெடுத்த மேயருக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ஒரு மேயரின் வெற்றியை அளக்கும்போது, அவர் கையில் வந்தடைந்த அதிகாரம் எவ்வளவு, வருவதற்கு முன்பே வெளியேற்றப்பட்டது எவ்வளவு என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.